கிணத்துல தள்ளிவிட்டா நீச்சல் தானா வந்துருமா?

மொட்டக்கிணறு | 27 ஏப்ரல் 2025

எங்க அபார்ட்மெண்ட்ல சம்மர் கேம்ப்னு மூணு வாரத்துக்கு நாலாயிரம் ரூபா கேக்குறாங்க. மூக்குக்கு கிளிப், கண்ணுக்குக் கண்ணாடி, தலைக்குத் தொப்பி, கைக்கு ரெண்டு காத்துப்பை. நாமெல்லாம் கோச் வெச்சா கத்துக்கிட்டோம்? எங்க மாமா கிணத்துல தூக்கிப் போட்டாரு, ரெண்டு மடக்குத் தண்ணி குடிச்சேன், மூணாம் நாள் நீச்சல் வந்துருச்சு. இன்னிக்குப் பெத்தவங்க வீணாப் பயப்படுறாங்களா, இல்ல நான்தான் பழைய ஆளா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கடப்பாரை | 27 ஏப்ரல், இரவு

நானும் அப்படிக் கத்துக்கிட்டவன்தான். கோபி பக்கம், தோட்டத்து மொட்டக்கிணறு, சுத்துச்சுவர் கிடையாது. மாமா தள்ளிவிட்டாரு, வந்துருச்சு. போன மாசம் வரைக்கும் உங்களை மாதிரியே பேசிட்டிருந்தேன்.

இப்ப இருக்கிறது கோயமுத்தூர்ல. எங்க அபார்ட்மெண்ட்லயும் குளம் உண்டு. பேபி பூல் ஒண்ணரை அடி, அதை ஒட்டியே பெரிய பூல் மூணரை அடியில தொடங்கி அஞ்சு அடி வரைக்கும். நடுவுல தடுப்புன்னு எதுவும் இல்ல, ஒரு சின்னத் திட்டுதான். ரெண்டு வாரம் முன்னாடி ஞாயித்துக்கிழமை ஒரு குழந்தைக்குப் பொறந்தநாள், எல்லாம் பூல் பக்கத்துலயே. என் பையனுக்கு மூணரை வயசு. கைக்காத்துப்பை மாட்டிக்கிட்டு ஒரு மணி நேரம் பெரிய பூல்ல மெதந்தான். கேக் வெட்டுறதுக்குக் கூப்பிட்டப்ப, பஃப்ஸ் சாப்பிடக் கை வசதியா இல்லன்னு நானே அதைக் கழட்டிவிட்டேன்.

சாப்பிட்டவன் திரும்பிப் போய் இறங்கிட்டான். அவனைப் பொறுத்தவரைக்கும் தண்ணின்னா மெதக்கிற இடம். அரை மணி நேரத்துக்கு முன்னாடி மெதந்தானே.

நான் ரெண்டு செகண்ட்தான் ஃபோனைப் பாத்தேன். சத்தம் போட்டது அங்க இலை கூட்டிட்டிருந்த அக்கா. "சார், தம்பி... சார்!" திரும்பினா, என்கிட்ட இருந்து ரெண்டு கை தூரத்துல அவன் நெட்டுக்குத்தா நிக்குறான். முடி நெத்தியில ஒட்டிக் கண்ணை மறைச்சிருக்கு. வாய் தண்ணி மட்டத்துல தொறக்குது, மூடுது, தொறக்குது. அழுகை இல்ல, தண்ணி தெறிக்கல. விளையாடுறான்னுதான் முதல்ல நெனைச்சேன். சட்டையோட குதிச்சேன். பையனுக்கு ஒண்ணும் ஆகல.

அந்த நாலாயிரத்தைக் கட்டுங்கன்னும் சொல்ல வரல, கட்டாதீங்கன்னும் சொல்ல வரல. "வீணாப் பயம்"ங்கிற வார்த்தை மட்டும் இப்ப எனக்கு வாயில வர்றதில்ல.

கடப்பாரை | 28 ஏப்ரல்

"பெத்தவங்க எங்க போயிருந்தீங்க"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். எங்கயும் போகலீங்க. பெரியவங்க எட்டுப் பேர் அங்கதான் இருந்தோம். ஒவ்வொருத்தரும் மத்த ஏழு பேர் பாத்துக்குவாங்கன்னு இருந்தோம்.

கடப்பாரை | 30 ஏப்ரல்

அந்த வாய் தொறந்து மூடினது மனசை விட்டுப் போகல. படிச்சுப் பாத்தேன்.

பிரான்செஸ்கோ பியான்னு ஒருத்தர், நியூயார்க் கடற்கரையில பல வருசம் லைஃப்கார்டா இருந்தவர். மூழ்குறவங்க எப்படித் தெரியுவாங்கன்னு படம் புடிச்சு வெச்சு ஆராய்ஞ்சு 1970கள்ல எழுதினார். அவர் சொல்றது இது: மூச்சு விட்டாத்தான் கத்த முடியும், மூழ்குறவருக்கு மூச்சுக்கே நேரம் பத்தாது. கையை மேல தூக்கி ஆட்டவும் முடியாது, ரெண்டு கையும் பக்கவாட்டுல தண்ணியை அமுக்கி உடம்பை மேல தூக்கத்தான் பாக்கும், அது அவர் இஷ்டத்துல இல்ல. உடம்பு நெட்டா நிக்கும், கால் உதைக்காது. இப்படி 20 செகண்ட்ல இருந்து 60 செகண்ட், அப்புறம் உள்ள போயிரும்.

சினிமாவுல "காப்பாத்துங்க"ன்னு கத்திக் கையை ஆட்டிக்கிட்டே மூணு தடவை மேல வருவாங்க பாருங்க, அந்தப் படத்தைத்தான் நாம மண்டையில வெச்சிருக்கோம். அப்படிக் கத்துறவர் சிக்கல்லதான் இருக்கார், ஆனா அவருக்கு இன்னும் மூச்சு இருக்கு. குழந்தைங்க குளத்துல கும்மாளம் போடுறப்ப சத்தம் இருக்கிற வரைக்கும் சரி. திடீர்னு ஒருத்தன் சத்தம் மட்டும் நின்னா அவனைப் பாருங்க.

கடப்பாரை | 2 மே

திருத்தம். ரெண்டு செகண்ட்னு எழுதியிருந்தேன். வீட்டுக்காரிக்கு அதுல நம்பிக்கை இல்ல. செக்யூரிட்டி ரூம்ல சிசிடிவி போட்டுக் காட்டச் சொன்னா. 34 செகண்ட். என் தலை குனிஞ்சது, நிமிரவே இல்ல. பையன் இறங்கினது என் நாற்காலிக்குப் பின்னாடி.

மேல இருக்கிறதை அழிக்கல. பொய்யாத்தான் எழுதினேன், ஆனா எழுதுறப்ப அது பொய்னு எனக்கே தெரியாது. அது அங்கயே கெடக்கட்டும்.

கடப்பாரை | 6 மே

இன்னொரு திருத்தம், இது பெருசு. அம்மாகிட்ட ஃபோன்ல பேசிட்டிருந்தப்ப, "மாமா என்னைக் கிணத்துல தள்ளிவிட்டுத்தானே கத்துக் குடுத்தாரு"ன்னு கேட்டேன். அம்மா சிரிச்சுட்டு, "யாருடா சொன்னா உனக்கு? ஒரு மாசம் இடுப்புல கயித்தைக் கட்டிக்கிட்டு அழுதவன்தானே நீ"ன்னாங்க.

அப்புறம் ஒண்ணொண்ணா ஞாபகம் வருது. முதுகுல சுரைப்புரடை. நல்லாக் காஞ்ச சுரைக்காயைக் குடைஞ்சு, வாயை அடைச்சுக் கட்டுறது. இடுப்புல தாம்புக்கயிறு, அதோட மறுமுனை மேல மாமா கையில. அவர் படியில நிப்பாரு, தண்ணிக்கு மேல ரெண்டாவது படி. நான் அந்தப் பக்கச் செவுத்துல இருந்து படிக்கு வரணும். பத்து நாள் போனதும் பெரிய புரடைக்குப் பதிலாச் சின்னப் புரடை. அதுக்கப்புறம் கயிறு மட்டும், அதையும் லூசா விட்டுருவாரு. கடைசியா ஒரு நாள் கயிறு இல்லாமத் தள்ளினாரு. எனக்கு ஞாபகம் நின்னது அந்த ஒரு நாள் மட்டும்.

மொட்டக்கிணறு அண்ணா, உங்க மாமாவையும் ஒரு வாட்டி கேட்டுப் பாருங்க. மூணு நாள்ல வந்துச்சா, முப்பது நாள்ல வந்துச்சான்னு.

இன்னொண்ணு. ஆறாவதுல எங்க வகுப்புல ஒருத்தன் இருந்தான். அரைப் பரீட்சை லீவு முடிஞ்சு வரல. அவங்க தோட்டத்துக் கிணறு. யாரும் தள்ளல, எட்டிப் பாக்கப் போனான். "எங்க காலத்துல எல்லாரும் அப்படித்தான் கத்துக்கிட்டோம்"னு நாம சொல்றப்ப, சொல்ல வராதவன் கணக்குல வர்றதில்ல.

கடப்பாரை | 7 மே

பேரைப் பத்திக் கேட்டவருக்கு: கடப்பாரை நீச்சல்னா தண்ணியில போட்டா நேரா அடிக்குப் போறது. கிணத்து நீச்சல் தெரிஞ்ச நான் பூல்ல லெங்த் அடிச்சா பாதியிலேயே மூச்சு வாங்கி நின்னுருவேன், அதைப் பாத்து பொண்ணு வெச்ச பேரு. நீச்சல் தெரியும்ங்கிறது எந்தத் தண்ணியிலன்னு சேத்துச் சொல்லணும் போல.

கடப்பாரை | 11 மே

குடும்ப குரூப்புல ரெண்டு செய்தி சுத்துது, ரெண்டுமே இங்கயும் ஒட்டப்பட்டிருக்கு.

முதலாவது, "உலர் மூழ்கல்". குளிச்சு வந்து ராத்திரி தூங்கின குழந்தை மூணு நாள் கழிச்சு மூழ்கிச் செத்துப் போகுமாம். டாக்டர்கள் இப்படி ஒரு வகை இருக்கிறதாவே ஒத்துக்கிறதில்ல. 2002ல ஆம்ஸ்டர்டாம்ல மூழ்கலுக்குன்னே நடந்த உலக மாநாட்டுல, நீர்மத்துல முங்கி மூச்சுக்குத் தடை ஏற்படுற நிகழ்வுன்னு ஒரே வரையறை வெச்சு, உலர், ஈரம், இரண்டாம் நிலைங்கிற பேரையெல்லாம் விடச் சொன்னாங்க. ஆனா அதுக்குள்ள ஒரு உண்மை இருக்கு. தண்ணியில திணறி வெளிய எடுத்த குழந்தைக்கு இருமல் நிக்கல, மூச்சு வேகமா இழுக்குது, சோந்து சோந்து படுக்குது, வாந்தி எடுக்குதுன்னா அன்னிக்கே ஆஸ்பத்திரி போகணும். நல்லா ஓடியாடி விளையாடுற குழந்தை மூணாம் நாள் திடீர்னு மூழ்காது. நாங்க பையனைக் கூட்டிட்டுப் போய் நாலு மணி நேரம் வெச்சுப் பாத்துட்டுத்தான் வந்தோம்.

ரெண்டாவது, உப்பு. தண்ணியில எடுத்த உடம்பை மூட்டை மூட்டையா உப்புல மூடினா உப்பு தண்ணியை உறிஞ்சி உசுரு வந்துருமாம். இதை அனுப்புறவங்க கையை ஒடிக்கணும். கோவிச்சுக்காதீங்க. மூச்சு நின்னா மூளைக்கு நிமிசக் கணக்குத்தான், அந்த நேரத்தை உப்புக்கடை தேடிச் செலவழிக்கச் சொல்றாங்க. தலைகீழாப் புடிச்சுச் சுத்துறது, வயித்தை அமுக்கித் தண்ணி எடுக்குறது எல்லாம் இதே ரகம். வயித்தை அமுக்கினா வாந்தி நுரையீரலுக்குள்ள போகும்.

எங்க அபார்ட்மெண்ட்டுக்கு ஒரு நர்ஸைக் கூப்பிட்டுப் பொம்மை வெச்சுக் கத்துக்கிட்டோம். மூழ்கினவருக்குக் குறையே காத்து இல்லாததுதான், அதனால நெஞ்சை அமுக்குறது மட்டும் போதாது, வாயால ஊதணும். முதல்ல அஞ்சு தடவை ஊதல், சின்னக் குழந்தைன்னா வாயையும் மூக்கையும் சேத்து மூடி. அப்புறம் 30 அமுக்கு, 2 ஊதல், மாத்தி மாத்தி. குழந்தைன்னா நெஞ்சு மூணுல ஒரு பங்கு உள்ள போகணும், நிமிசத்துக்கு 100ல இருந்து 120. கூட ஒருத்தர் 108க்கு அடிக்கணும். படிச்சா வராது, பொம்மையில ஒரு தடவை செஞ்சு பாக்கணும். நான் முதல் ரவுண்டுல ஊதினது முழுக்கப் பக்கவாட்டுல போச்சு. நர்ஸ் சிரிக்கல.

கடப்பாரை | 18 மே

அசோசியேஷன் மீட்டிங் நடந்துச்சு. லைஃப்கார்ட் வெச்சா மெயிண்டனன்ஸ் ஏறும்னு ஒரு கட்சி. கம்பி வேலி வெச்சா குளத்தோட அழகு போயிரும்னு இன்னொரு கட்சி. ஆஸ்திரேலியாவுல வீட்டுப் பூல்னாலே 1.2 மீட்டர் உயரத்துக்குத் தடுப்பு, தானா மூடிப் பூட்டிக்கிற கேட் சட்டப்படி வேணும்னேன். "அப்ப ஆஸ்திரேலியாவுக்குப் போங்க"ன்னாரு ஒரு பெரியவர். அவரோட பேத்திதான் அன்னிக்குப் பொறந்தநாள் கொண்டாடின குழந்தை. நான் பேசாம உக்காந்துட்டேன்.

கடைசியில நடந்தது செலவில்லாத ஒண்ணு. ஒரு விசில், சிவப்புக் கயித்துல. அது யார் கழுத்துல இருக்கோ அவங்க தண்ணியை மட்டும் பாக்கணும். ஃபோன் கிடையாது, பேச்சு கிடையாது, பஜ்ஜி கிடையாது. கால் மணி நேரம் ஆனதும் அடுத்த ஆள் பேரைச் சொல்லி, அவர் "சரி"ன்னதுக்கப்புறம்தான் கழட்டணும். முதல் வாரம் ஒரு மாமா, சீட்டு விளையாட ஆள் சேக்குறதுக்கு விசில் அடிச்சாரு. ரெண்டாவது வாரம் அவரே ஒரு பொண்ணை ஆழமான பக்கத்துல இருந்து திருப்பி விட்டாரு.

சின்னக் குழந்தைன்னா விசில் பத்தாது. கையை நீட்டினா எட்டுற தூரத்துல ஒரு பெரியவர் தண்ணிக்குள்ளயே இருக்கணும்.

கைக்காத்துப்பையைத் தூக்கிப் போட்டாச்சு. கழட்டினதும் குழந்தை முங்கும்ங்கிறது ஒண்ணு. அதைப் போட்டுப் பழகினா உடம்பு நெட்டுக்குத்தாவே நிக்கப் பழகுதுன்னு கோச் சொன்னாரு, மூழ்குறப்ப நிக்கிற மாதிரியே. அப்புறம் நீல நிற நீச்சல் உடையையும் மாத்துங்க. நீல டைல்ஸ் போட்ட பூல்ல, நீல டிரஸ் போட்ட குழந்தை ரெண்டடி கீழ போனா கண்ணுக்குத் தட்டுப்படாது. ஆரஞ்சு, இல்ல பளிச்னு ரோஸ் வாங்குங்க. எங்க வீட்டுப் பையன் ரோஸ் போட மாட்டேன்னு ஒரு நாள் முழுக்க அழுதான். போடறான்.

கடப்பாரை | 1 ஜூன்

பூலும் கிணறும் பேசிட்டே வீட்டை மறந்துட்டோம். மச்சினிச்சி வீடு சென்னையில, போர்ட்டிகோவுலயே சம்ப், தரைக்குள்ள இருக்கிற தண்ணித் தொட்டி. மூடி இரும்புத் தகடு, துருப்புடிச்சு ஒரு மூலை மடங்கியிருக்கு. லாரித் தண்ணி வர்ற அன்னிக்கு மூடியைத் தொறந்து போட்டுட்டு ஆளாளுக்கு உள்ள போயிருவாங்க. போன தடவை போனப்ப நானும் அதைத் தாண்டித் தாண்டித்தான் நடந்தேன், ஒண்ணும் தோணல. இந்தத் தடவை வெல்டரைக் கூப்பிட்டுத் தகடு மாத்தி, கொண்டி வெச்சுப் பூட்டுப் போட்டுட்டுத்தான் சாப்பிட உக்காந்தேன். பாத்ரூம் பக்கெட்டும் அப்படித்தான். நடக்கப் பழகுற குழந்தைக்குத் தலை கனம், எட்டிப் பாத்தாக் குப்புற விழும், திரும்பி எந்திரிக்க வராது. அதுக்கு அரை பக்கெட் தண்ணி போதும்.

இது சம்பந்தமாத் தேடினப்ப வங்கதேசம் கண்ணுல பட்டுச்சு. ஊரெல்லாம் குட்டை, வீட்டுக்குப் பின்னாடியே. அங்க நாலு வயசுக்குள்ள குழந்தைங்க அதிகமா மூழ்குறது காலை 9 மணிக்கும் மதியம் 1 மணிக்கும் நடுவுலன்னு கண்டுபுடிச்சாங்க. அப்பா வயலுக்குப் போயிருப்பாரு, அம்மா அடுப்படியில. அதனால அந்த நேரத்துக்கு மட்டும் ஊருக்குள்ள ஒரு வீட்டுல, அந்த ஊர்ப் பொம்பளை ஒருத்தரை வெச்சு, பிள்ளைகளைக் கதவடைச்ச இடத்துல பாத்துக்கிற ஏற்பாடு. "ஆஞ்சல்"னு பேரு. சாவு வெகுவாக் குறைஞ்சுது. பெரிய செலவு, மிஷின் ஒண்ணுமில்ல. அந்த நாலு மணி நேரத்துக்கு விசில் ஒருத்தர் கழுத்துல, அவ்வளவுதான்.

நம்ம பக்கம் அங்கன்வாடி இருக்கு. ஆனா மே மாசம் லீவு விடுறப்பதான் கிணறும் குட்டையும் பிள்ளைகளைக் கூப்பிடுது.

கடப்பாரை | 25 ஜூலை

இன்னிக்கு உலக மூழ்கல் தடுப்பு நாளாம். 2021ல ஐ.நா. தீர்மானம் போட்டு வெச்சது, கொண்டு வந்ததுல முன்னால நின்னது அதே வங்கதேசமும் அயர்லாந்தும். 2021ல மட்டும் உலகத்துல மூணு லட்சம் பேர் மூழ்கிச் செத்திருக்காங்க, அதுல கிட்டத்தட்ட நாலுல ஒருத்தர் அஞ்சு வயசுக்குக் கீழ. உலக சுகாதார நிறுவனம் 2024ல சொன்னது.

எண்ணிக்கையை விட எனக்கு உறுத்துறது இன்னொண்ணு. நம்ம ஊர்ச் செய்தியில ஒருத்தர் மூழ்கினார்னு மட்டும் வர்றதில்ல, நாலு பேர், அஞ்சு பேர்னும் வருது. 2022 ஜூன்ல கடலூர் பக்கம் கெடிலம் ஆத்துத் தடுப்பணையில ஏழு பொண்ணுங்க. 2023 பிப்ரவரியில மாயனூர் காவிரியில பள்ளிக்கூடப் பிள்ளைங்க நாலு பேர், கால்பந்துப் போட்டிக்கு வந்தவங்க. அதே வருசம் ஏப்ரல்ல சென்னை மூவரசம்பட்டுக் கோயில் குளத்துல தீர்த்தவாரியப்ப அஞ்சு பேர். ஒருத்தர் தத்தளிக்கிறதைப் பாத்துட்டு அடுத்தவர் கையை நீட்டி இறங்குறார். மூழ்குறவர் கையில கெடைச்சதைப் புடிச்சு ஏறத்தான் பாப்பார், அது தம்பி கழுத்தா இருந்தாலும்.

அதனாலதான் பெரம்பலூர் கொட்டரை அணை ஞாபகம் வருது. 2020 ஆகஸ்ட், இளவட்டப் பசங்க நாலு பேர் தண்ணியில மாட்டிக்கிட்டாங்க. அங்க இருந்த மூணு பொம்பளைங்க கட்டியிருந்த சேலையை அவுத்து முடிஞ்சு வீசினாங்க. ரெண்டு பேரை இழுத்துப் போட்டாங்க. ரெண்டு பேரைக் காப்பாத்த முடியல. அந்த சுதந்திர தினத்துக்கு அவங்களுக்குக் கல்பனா சாவ்லா விருது குடுத்தாங்க. ரெண்டு உசுரு மிஞ்சினது சேலையை வீசினதால. என் பொண்ணுக்கு ஏழு வயசு, அவளுக்கு நான் சொல்லிக் குடுத்தது: நீ இறங்காத, துண்டு, குச்சி, துப்பட்டா, காலிக் கேன், எது கெடைச்சாலும் தூக்கிப் போடு, பெரியவங்களைக் கூப்பிட்டுக் கத்து.

கடப்பாரை | 3 ஆகஸ்ட்

ஆடிப்பெருக்கு. பவானி கூடுதுறைக்குப் போய்ட்டு வந்தோம், சொம்புல மொண்டு தலையில ஊத்திக்கிட்டதோட சரி. பொண்ணுக்குக் கோவம்.

"கடல், ஆறு, ஏரியைப் பத்தி ஒண்ணும் எழுதலையே"ன்னு கேட்டவருக்கு: கடல் எனக்குத் தெரியாது, தெரிஞ்சவங்க எழுதட்டும். ஏரியில நான் பாத்தது இது. வண்டல் அள்ளுன குழி, மழை வந்து நெறைஞ்சுட்டா வெளிய தெரியாது. முழங்கால் தண்ணியில நடந்துட்டே இருக்கிறப்ப அடுத்த அடி ரெண்டாள் ஆழம். ஆத்துல மணல் அள்ளுன இடமும் அதே. போன வருசம் குளிச்ச துறைங்கிறதை நம்பக் கூடாது.

கீழ்பவானி வாய்க்கால்ல வளந்தவன்ங்கிறதால அதைச் சொல்லலாம். இருநூறு கிலோமீட்டர் ஓடுது, ஊர் ஊருக்குப் பாலம், பாலத்து மேல இருந்து குதிக்கிறதுதான் எங்க வீரம். குதிக்கிறது மட்டுமில்ல, ஏறுறதும் ஆபத்து. கரை சரிவு, பாசி புடிச்சு வழவழன்னு இருக்கும், கை புடிக்க ஒண்ணும் இல்ல. பெரியவங்களே நூறடி தள்ளிப் போய்ப் படித்துறையைப் புடிப்போம். அடுத்த படித்துறை எங்க இருக்குன்னு தெரியாத வெளியூர்ப் பிள்ளை என்ன செய்யும்? மதகுப் பக்கம் போகவே கூடாது, அங்க மேல அமைதியா இருக்கும், கீழ இழுக்கும்.

கடப்பாரை | 17 ஆகஸ்ட்

லீவுக்கு ஊருக்குப் போயிருந்தோம். மாமாவுக்கு அறுபத்தெட்டு ஆச்சு. கிணத்துக்கு இப்ப சுவர் எழுப்பி, கம்பிக் கேட் போட்டிருக்கார். சாவி அவர் அரணாக்கயித்துல. பொண்ணு கேம்ப்புல கத்துக்கிட்டதைக் காட்டுறேன்னு குதிச்சுக்கிட்டே வந்தா. பூல்ல ரெண்டு லெங்த் அடிப்பா. படியில நின்னு தண்ணியைப் பாத்ததும் கையைப் புடிச்சுக்கிட்டா. அடி தெரியல, ஒரே பச்சை, செவுத்துல இருந்து பொறா பறக்குது. மேல சுடுது, காலை விட்டா ஜில்லுங்குது.

மாமா கயிறு எடுத்து வந்தாரு. "எனக்கு நீச்சல் தெரியும் தாத்தா"ன்னா. "தெரியட்டும் கண்ணு, கயித்துக்குத் தெரியாதல்ல"ன்னு கட்டிவிட்டாரு. அதே ரெண்டாவது படி. நான் படம் புடிக்க ஃபோனை எடுத்தேன். மாமா என்னை ஒரு பார்வை பாத்தாரு. உள்ள வெச்சுட்டேன். படம் இல்ல.

கடப்பாரை | 19 ஆகஸ்ட்

மொட்டக்கிணறு அண்ணா, உங்க மாமா இருபத்திரண்டு நாள்னு சொன்னாராக்கும்! இருக்கட்டும், மூணு நாளுக்குப் பக்கம்தான்.

கயிறு என்னன்னு கேட்டீங்க. நைலான் வேண்டாம், நனைஞ்சா இடுப்பை அறுக்கும். தேங்காநாரு அரிக்கும். மாமா பழைய வேட்டியை முறுக்கி முதல்ல இடுப்பைச் சுத்திக் கட்டினாரு, அதுல தாம்புக்கயித்தை முடிஞ்சாரு, முடிச்சு முதுகுப் பக்கம். முன்னாடி போட்டா இழுக்கிறப்ப பிள்ளை குப்புறக் கவுந்துரும்னாரு.